வல்லூறும் ரோஸ் கழுத்துக்காரியும்

செத்த பறவைக்குச் சாட்சி சொல்கிற வேலை அவளுக்கு. பிடித்திருக்கிறதா என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மியூசியத்தின் பின்பக்கம் படியிறங்கிப் போனால் வெயில் எட்டாத நீள அறை ஒன்று வரும். இரண்டு பக்கமும் ஆளுயர இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு இழுப்பறையிலும் பறவைகள் மல்லாந்து கிடக்கும், கண் இருந்த இடத்தில் பஞ்சு, காலில் ஒரு சீட்டு. அறை முழுக்க அந்துருண்டை வாசனை. அது அவள் துணியிலும் தலைமுடியிலும் ஏறிப் பல வருஷமாகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் யாரோ பழைய பீரோவைத் திறந்துவிட்டார்கள் என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். தெருவில் அவளுக்கு இறகக்கா என்று பேர். கிண்டலாக வைத்த பேர்தான், அப்படியே நிலைத்துவிட்டது.

அன்று காலை விமான நிலையத்திலிருந்து ஓடுபாதை அதிகாரி வந்தார். கையில் மீன் வாங்கப் போகிறவர்கள் வைத்திருப்பதுபோல் ஒரு ஐஸ் பெட்டி. மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கறுப்பும் சிவப்பும் சாம்பலுமாக ஒரு கைப்பிடி சேறு.

"எஞ்சினுக்குள்ள இருந்து வழிச்சு எடுத்தது. சின்ன விமானம். ஏறின கையோட திரும்பி இறங்கிடுச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஒருத்தர் வாந்தி எடுத்தார், அது எங்க கணக்குல வராது. எஞ்சின்தான் போச்சு."

இறகக்கா பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "என்ன பறவைன்னு தெரியணும்."

"எனக்குத் தெரியும், புறாதான். நீங்க எழுதிக் குடுத்தாப் போதும். சுவரோரத் தெருவுல ஒருத்தன் மாடியில கூண்டு வச்சிருக்கான். இதுல கூத்து என்னன்னா அவன் எங்க ஆளு. சரக்கு ஏத்துறவன். நம்ம சோத்தைத் தின்னுட்டு நம்ம விமானத்து மேலயே புறா விடறான். கூண்டைப் பிரிச்சு, அவன் கேட் பாஸையும் பிடுங்கணும்."

"அவன் என் தம்பி" என்றாள் இறகக்கா.

அதிகாரி பெட்டியின் மூடியைப் பார்த்தார். அதைப் பார்த்தால் சொன்னதைத் திரும்ப உள்ளே போட்டு மூடிவிடலாம் என்பதுபோல.

அறையின் கோடியில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா தலை நிமிர்ந்தாள். செத்த பறவைக்கு டாக்டர் என்று காவல்காரர் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். "இங்க ஒரு பழக்கம் இருக்கு" என்றாள். "ரெண்டு பேரும் தனித்தனியாப் பாப்போம். பேசிக்க மாட்டோம். ஆளுக்கொரு சீட்டுல எழுதி, கடைசியிலதான் பிரிப்போம். பதில் ஒண்ணா இருந்தாத்தான் வெளிய போகும். தம்பியோட பையா இருந்தாலும் அதேதான், தலைவரோட பையா இருந்தாலும் அதேதான். சம்மதம்னா பெட்டியை வச்சுட்டுப் போங்க. நாளைக்கு வாங்க."

அதிகாரி வைத்துவிட்டுப் போனார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "உங்க தம்பின்னு தெரியாது" என்றார்.

"தெரிஞ்சிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருப்பேன்."

பரவாயில்லை, நேர்மையான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

இறகைக் கழுவுவது இறகக்காவின் வேலை. டாக்டரம்மாவின் தோலுக்கு அது ஒவ்வாது, சோப்புத் தண்ணீர் பட்டால் விரல் வெடிக்கும். பீங்கான் கிண்ணத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவுகிற சோப்பு இரண்டு சொட்டு. பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே விட்டு விரல் நுனியால் அலச வேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் இறகின் இழைகள் ஒன்றையொன்று விட்டுவிடும், அதன்பின் சீப்புப் போட்டாலும் சேராது. முதல் தண்ணீர் எப்போதும் அழுக்காகத்தான் போகும். எண்ணெய், கரி, ரத்தம். பழைய ரத்தம் ஆறிப்போன டீயின் நிறத்தில் இறங்கும். அப்படித்தான் இறங்கியது. இரண்டாம் தண்ணீர் தெளிய வேண்டும்.

தெளியவில்லை. ரோஸாக இறங்கியது.

சின்னப் பெண்குழந்தைகள் நகத்தில் பூசிக்கொள்கிற ரோஸ். எந்தப் பறவையின் உடம்பிலும் அந்த நிறம் ஓடாது. அவள் கண் அதைப் பார்த்தது, கை கிண்ணத்தைச் சாய்த்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் கை அவளைக் கேட்பதில்லை. தண்ணீர் சுழன்று ஓட்டைக்குள் போயிற்று. மூன்றாம் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது.

அந்த ரோஸ் அவளுக்குத் தெரியும். போன மாதம் வீட்டு மொட்டைமாடியில் தம்பியின் பத்து விரலிலும் அது இருந்தது.

குழாயை மூடினாள். டாக்டரம்மா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறகக்கா இறகுகளை வடிதாள் மேல் பரப்பி, முடி உலர்த்துகிற கருவியால் மெதுவாகச் சூடு காட்டினாள். சேறாக இருந்தது ஒவ்வொன்றாக எழுந்து இறகாயிற்று. வேறு நாளாக இருந்தால் அந்த நேரம் அவளுக்குப் பிடித்த நேரம். அன்று எதையும் உற்றுப் பார்க்காமல் காற்றடித்துவிட்டு மூடி வைத்தாள். காய வேண்டும் என்பது சாக்கு.

அவர்கள் வீடு விமான நிலையச் சுவரை ஒட்டிய வரிசையில் கடைசி. தலைக்கு மேல் விமானம் போனால் அந்த வீட்டில் பேச்சை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து எடுப்பார்கள். சண்டையும் அப்படியே. பாதித் திட்டில் வாயைத் திறந்தபடி நின்று, மீதித் திட்டைப் பிறகு போடுவார்கள். இடையில் சில சண்டைகள் ஆறிப்போனதும் உண்டு.

சாயங்காலம் அவள் வந்தபோது அப்பா கூடத்தில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். விமான நிலையத் தீயணைப்பு வண்டியை ஓட்டி ஓய்ந்த மனிதர். தம்பி பெண்டாட்டி அடுப்படியில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி ராத்திரி வேலைக்காரன், பகலெல்லாம் தூங்கி அப்போதுதான் எழுந்து மாடியில் இருந்தான். இரும்பு ஏணி வழியாகத் தானியம் சிதறுகிற சத்தமும் அவன் விசிலும் இறங்கி வந்தன.

"அண்ணி, கேள்விப்பட்டீங்களா?" என்றாள் தம்பி பெண்டாட்டி. "கேட்டுல எல்லாரும் இவரைப் பாத்துதான் பேசறாங்களாம். புறா புகுந்து எஞ்சின் போச்சுன்னு."

"பை எங்கிட்டதான் வந்திருக்கு."

முட்டை ஓட்டோடு விழுந்தது. அவள் அதை விரலால் எடுத்துக்கொண்டே ஏணிப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஏங்க, கீழ வாங்க! பை அண்ணிகிட்ட வந்திருக்காம்!"

தம்பி கடைசி மூன்று படியைத் தாண்டிக் குதித்தான். முகமெல்லாம் பல். "அப்பக் கவலையே இல்ல!"

"ஏன் இல்ல?"

"நீதானே பாக்கப் போற."

"அதுதான்டா கவலை." கைப்பையை ஆணியில் மாட்டினாள். "ரோஸ் கழுத்துக்காரி எங்க?"

பல் மறைந்தது. "அவளை ஏன் கேக்கற? அவ போய்ட்டா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தகரக்கடைக்காரன் இருக்கான்ல, இழுத்துட்டான். பொட்டைப் புறாவைக் காட்டி ஆம்பளைப் புறாவை இழுப்பாங்க. இவன் ஆம்பளையைக் காட்டி இவளை இழுத்துட்டான். நேத்து அவன் கடை வாசல்ல நின்னு தெருவே கேக்கற மாதிரி திருடான்னு சொல்லிட்டு வந்தேன்."

"அவ அவன்கிட்ட இருக்கிறதைப் பாத்தியா?"

"பாக்கணுமா? திருடன் வெளியிலயா வைப்பான்?"

"என்னைக்குக் காணாமப் போனா?"

தம்பி வாயைத் திறந்தான். விமானம் ஒன்று வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர, ரேடியோவின் திருகாணிகள் தட்டில் நடுங்கின. எல்லோரும் காத்திருந்தார்கள். சத்தம் போனபோது அவன் வாய் மூடியிருந்தது. எஞ்சின் போன நாளும் அவள் காணாமல் போன நாளும் ஒன்று என்பதை அந்த இடைவெளியில் அவனே கூட்டிப் பார்த்துவிட்டான்.

"இன்னைக்கு இறகு கழுவினேன்" என்றாள் இறகக்கா. "ரெண்டாம் தண்ணி ரோஸா போச்சு."

அப்பா திருகாணியைக் கீழே வைத்தார்.

"வேற யாராவது பாத்தாங்களா?" என்றான் தம்பி.

"இல்ல. ஊத்திட்டேன்."

"அப்ப?" என்று சிரிக்கப் பார்த்தான். "ஊத்தினது ஊத்தினதா இருக்கட்டும் அக்கா."

"அவளுக்கு எதுக்குடா சாயம் அடிச்ச?"

"வல்லூறுக்குத்தான்! கொஞ்ச நாளா ஒண்ணு வந்து வந்து போகுது. கண்ணுக்குப் பழகாத நிறம்னா கிட்ட வராதுன்னு சந்தையில சொன்னாங்க. எல்லாத்துக்கும் அடிக்கணும்னுதான் நெனச்சேன். சாயம் ஒருத்திக்குத்தான் காணுச்சு."

"என் பாவாடைக்கு வாங்கி வச்சிருந்த சாயம்" என்றாள் அவன் பெண்டாட்டி. "பாவாடையாவது ஊர் பாக்க உருப்படியா இருந்திருக்கும்."

"பத்துச் சாம்பல் புறாவுக்கு நடுவுல ஒரு ரோஸ்" என்றாள் இறகக்கா. "கூட்டமாப் பறந்தா வல்லூறுக்குத் தலை சுத்தும், எதைப் பிடிக்கறதுன்னு தெரியாது. தனியாத் தெரியற ஒண்ணு இருந்தா கண்ணை அதுலயே வச்சுக்கும். நீ அவளைக் காப்பாத்தலடா. தட்டுல வச்சுக் குடுத்திருக்க."

தம்பி ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். அவன் கை பெரிய கை, மூட்டை தூக்குகிற கை. இப்போது எங்கே வைப்பதென்று தெரியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி" என்று தம்பி பெண்டாட்டி குரலைத் தணித்தாள். "பாஸ் போச்சுன்னா இவரு எங்க போய் நிப்பாரு? போன தடவை வேலை இல்லாம வீட்டுல இருந்தப்ப சுவத்துல இருந்த ஆணியை எல்லாம் பிடுங்கி, நிமித்தி, மறுபடி அடிச்சாரு. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை."

அப்பா இருமினார். "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க? உனக்குச் சதையே இல்லையா?"

"சதை இருக்குப்பா. அதுக்குள்ள எலும்பும் இருக்கு."

"எலும்பு சோறு போடாது."

"நீங்க தண்ணிக் குழாயோட எத்தனை தடவை ஓடுபாதைக்கு ஓடியிருக்கீங்க? அப்ப உள்ள இருந்தது யார் சதைன்னு கேட்டுட்டா ஓடுனீங்க?"

அப்பா திருகாணியை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அது ஒரு சாதாரணத் திருகாணி.

"இன்னும் எதையும் சரியாப் பாக்கல" என்றாள் அவள். "பாக்காம எழுத மாட்டேன். பாத்துட்டு எழுதாம இருக்கவும் மாட்டேன். முட்டை கருகுது பாரு."

மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது இறகுகள் உலர்ந்து உப்பியிருந்தன. தரமானவை மூன்று. வால் இறகு ஒன்று. சாம்பல் நிறம், குறுக்கே கறுப்புப் பட்டைகள், நுனி கருகிப் போயிருந்தது. சிறகின் ஓர இறகு ஒன்று. மார்பு இறகு ஒன்று, வெள்ளையில் செங்கல் நிறத்தில் மெல்லிய கோடுகள். மிச்சமெல்லாம் உடம்பை ஒட்டி வளரும் தூவி, பஞ்சுபோல.

வால் இறகைப் பார்த்ததும் புறா இல்லை என்று நெஞ்சு துள்ளியது. துள்ளட்டும் என்று விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

முதலில் அக்காக்குயில் இழுப்பறையைத் திறந்தாள். வல்லூறு வேஷம் போடுகிற குயில் அது. அதே சாம்பல், அதே பட்டை. அந்த உருவத்தைக் காட்டிச் சின்னப் பறவைகளைப் பயமுறுத்தி விரட்டிவிட்டு, அவற்றின் கூட்டில் முட்டை வைத்துப் போய்விடும். வேலை தெரிந்தவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. வால் நுனியில் ஒரு தடித்த பட்டை, அதன் ஓரத்தில் துருநிறம் இருந்தால் குயில். ஆனால் கையிலிருக்கும் இறகுக்கு நுனியே இல்லை. எஞ்சின் தின்றுவிட்டது.

சிறகு இறகை எடுத்தாள். குயிலின் சிறகு இறகு அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக ஒடுங்கும், கத்திபோல. இது அப்படி இல்லை. பாதிவரை அகலமாக வந்து, சட்டென்று ஒரு பக்கம் வெட்டி எடுத்ததுபோல் குறுகி, விரலாக நீண்டது. மரக்கிளைகளுக்கு நடுவே பாய்ந்து திரும்புகிற பறவைக்குத்தான் சிறகில் விரல் உண்டு. வல்லூற்று இழுப்பறையைத் திறந்து, மல்லாந்து கிடந்த ஒன்றின் பக்கத்தில் வைத்தாள். அந்த வெட்டு, அந்த வளைவு, மார்புக்கோட்டின் இடைவெளி எல்லாம் பொருந்தின. அளவு ஆணுக்குப் பெரிது. பெண் வல்லூறு, வளர்ந்தது. சீட்டில் எழுதி மடித்தாள்.

அறையின் அந்தக் கோடியில் டாக்டரம்மா தனியாகத் தூவி எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் ஒரு சீட்டை மடித்துக்கொண்டு வந்தாள். பிரித்தார்கள். இரண்டிலும் ஒரே பேர்.

"வல்லூறு!" டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தாள். "தூவியும் அதையேதான் சொல்லுது. அப்பாடா. உன் தம்பி பொழைச்சான். சுவருக்கு உள்பக்கம் இருக்கிற மரத்துல கூடு கட்டியிருக்கும். மரத்தை வெட்டுறதா வேண்டாமான்னு அவங்க பாத்துக்கட்டும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இரண்டு சீட்டும் ஒன்றாக இருந்தன. சொன்னது எதுவும் பொய்யில்லை. அந்த அறையில் அவளைக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை, இழுப்பறைகளில் கிடந்தவற்றுக்குக் கண்ணும் இல்லை.

"வல்லூறு எதுக்கு எஞ்சினுக்குள்ள போகும்?" என்றாள் இறகக்கா.

"என்ன?"

"அது தாழப் பறக்கிறது. நொடியில திரும்பும். விமானம் வர்றது அதுக்குத் தெரியாதா? காக்கா போகும், புறா போகும். இது எப்படிப் போச்சு?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "சொல்லு."

"நீங்க எந்த நிறத் தூவி எடுத்தீங்க?"

"சாம்பல்."

"வெள்ளையும் இருக்கு."

வெள்ளைத் தூவியில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் வைத்து, தானே மைக்ராஸ்கோப்பைத் திருகி, விலகி நின்றாள். டாக்டரம்மா குனிந்தாள். தூவியின் இழைகளில் கணுக்கள் இருக்கும். வல்லூறுக்குச் சின்னதாக, இருப்பதே தெரியாமல். இதில் ஒவ்வொரு கணுவும் விரியப்போகிற மொட்டுபோல் அகன்றிருந்தது. அப்படி இருப்பது புறா வகைக்குத்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் காட்டினாலும் சொல்லிவிடும்.

"ரெண்டு பறவை" என்றாள் டாக்டரம்மா மெதுவாக. "ஒண்ணு இன்னொண்ணைத் தூக்கிட்டுப் போயிருக்கு."

"தன் எடைக்கு மீறினதைப் பிடிச்சிருக்கு. தூக்கவும் முடியல, விடவும் மனசு வரல. திரும்ப முடியாம நேராப் போயிருக்கு." காலிக் கிண்ணத்தைத் தொட்டுக் காட்டினாள். "நேத்துக் கழுவினப்ப ரெண்டாம் தண்ணி ரோஸா இறங்குச்சு. சாயம். என் தம்பி அவன் புறா ஒண்ணுக்கு அடிச்சது. தண்ணியை ஊத்திட்டேன். வேணும்னு இல்ல, கைப்பழக்கம்."

டாக்டரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "தண்ணியைப் பாத்தது நீ மட்டும்தான். புறான்னா எந்தப் புறாவாவும் இருக்கலாம்."

"இருக்கலாம். ஆனா இல்ல. மரத்தை மட்டும் வெட்டினா இதோட ஜோடி போகும். கூண்டு அங்கயே இருந்தா வேற ஜோடி வரும். அடுத்த விமானமும் வரும். அது எங்க வீட்டு மேலதான் போகுது. அதுல வாந்தி எடுக்கிறதோட நிக்கும்னு யாரு சொன்னா?"

"சரி, எழுது" என்றாள் டாக்டரம்மா. "சாயத் தண்ணியைப் பாத்தது நீ மட்டும்னும் எழுது. ஊத்தினதையும் சேர்த்து எழுது. நான் கீழ கையெழுத்துப் போடறேன்."

மத்தியானம் அதிகாரி வந்து நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

"புறான்னு நான் சொன்னது பாதி சரி" என்றார்.

"பாதி தப்பு" என்றாள் டாக்டரம்மா.

அவர் இறகக்காவைப் பார்த்தார். "இதை நீங்க எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அதனாலதான் எழுத வேண்டியிருந்துச்சு."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "மரத்தை நாங்க பாத்துக்கறோம். கூண்டு போகணும். உங்க தம்பி பாஸ் எங்கிட்ட இருக்கும், இப்போதைக்கு ரத்து பண்ணல. நான் ஒரு நாள் வந்து பாப்பேன். அன்னைக்கு மாடியில ஒரு புறா உக்காந்திருக்கக் கூடாது. உக்காந்திருந்தா, அதுக்கப்புறம் நான் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல."

வீட்டில் அன்று யாரும் அவளோடு பேசவில்லை. விமானம் போனபோதும் போனபிறகும் ஒரே அமைதி. அடுத்த வீட்டு அம்மாள்தான் வாசலில் நின்று, யாரிடமோ சொல்வதுபோல், "குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பு" என்றாள். இறகக்கா கதவைச் சாத்தவில்லை. சோறு போட்டுத் தின்றாள். தட்டைக் கழுவினாள். தூங்கினாள்.

விடிந்ததும் ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது. மாடிக்குப் போனாள். தம்பி கூண்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். கம்பி வலை ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். புறாக்கள் இரண்டு சாக்குக்கூடைகளில் முனகிக்கொண்டிருந்தன.

"இந்தத் தடவை ஆணியை நிமித்தித் திரும்ப அடிக்கப் போறதில்ல" என்றான் தலை நிமிராமல். "எங்க கொண்டுபோறதுன்னு கேளு."

"எங்க?"

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அதுதான் புறா வளக்கக் கூடாதுன்னு ஏர்போர்ட்காரங்க போட்ட எல்லைக்கு வெளிய. அங்க மாடியில கூண்டு வச்சிருக்கிறது ஒருத்தன்தான்."

இறகக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். "நானும் வரவா?"

"வா. அடி விழுந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்."

தகரக்கடைக்காரர் வாளிக்கு அடிப்பாகம் அடித்துக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் சுத்தியலை வைக்கவில்லை, அடிப்பதை மட்டும் நிறுத்தினார்.

"அண்ணே."

"யாரு? திருடனைத் தேடி வந்திருக்கீங்களா? கடை மாறி வந்துட்டீங்க."

"தப்பாச் சொல்லிட்டேண்ணே. ரோஸ் கழுத்துக்காரியை நீங்க இழுக்கல. வல்லூறு தூக்கிடுச்சு."

"தெருவே கேக்கச் சொன்ன. இப்ப காதுக்குள்ள சொல்ற."

தம்பி சுற்றிப் பார்த்தான். டீக்கடையில் நாலைந்து பேர், சைக்கிள் கடையில் இரண்டு பேர். மூச்சு இழுத்து, மூட்டை தூக்குகிற தொண்டையில் கத்தினான். "இவரு திருடன் இல்ல! நான்தான் முட்டாள்!"

டீக்கடையில் ஒருவர், "ரெண்டாவது எங்களுக்குத் தெரியும்" என்றார்.

தகரக்கடைக்காரர் சுத்தியலை வைத்தார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. புறாக்காரனுக்குப் புறாவைக் காட்டிவிட்டால் அவ்வளவுதான். "அந்தச் சாம்பல் கொண்டைக்காரன் நல்ல ஜாதி. எத்தனை நாளா கண்ணு வச்சிருக்கேன் தெரியுமா?"

"அதான் தெரியுமே" என்றான் தம்பி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

புறாவை இடம் மாற்றுவது நாற்காலியை மாற்றுவதுபோல் இல்லை. தகரக்கடைக்காரர் தன் கூண்டில் அடைத்து, தானியம் போட்டு, நன்றாகப் பழக்கிவிட்டுத்தான் திறந்தார். திறந்ததும் அத்தனையும் ஒரு வட்டம் அடித்து, வாய்க்காலைத் தாண்டி, நேராகப் பழைய மாடிக்கு வந்து உட்கார்ந்தன. அங்கே கூண்டு இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு தானியம் இல்லை. வெறும் சிமெண்ட். அதன்மேல் உட்கார்ந்து, வீட்டுக்காரன் எங்கே என்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. இருட்டுகிற நேரத்தில் பசிக்கு அங்கே போகும், தின்னும், தூங்கும். விடிந்தால் இங்கே.

தம்பி தகரத்தட்டை அடித்தான். துண்டை வீசினான். கத்தினான். பறந்து ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப உட்காரும். சில அவன் தோளிலேயே உட்காரும்.

"ஊர்ப் புறாவைக் கூப்பிட்டுச் சோறு போட்டவன், சொந்தப் புறாவைத் தட்டடிச்சு விரட்டறான்" என்றார் அப்பா கூடத்திலிருந்து. "கொஞ்சம் தாளத்தோட அடி, ரேடியோவாவது மிச்சம்."

"அண்ணி, ஏதாவது எழுதுங்களேன்" என்றாள் தம்பி பெண்டாட்டி. பேச்சு அதற்குள் திரும்பியிருந்தது. "இதுங்க இங்க உக்காரக் கூடாதுன்னு எழுதி ஒட்டுங்க. நீங்க எழுதினாத்தான் எல்லாம் நடக்குதே."

குத்தல்தான். ஆனால் சொன்னவள் அவள் தட்டில் இன்னொரு முட்டையும் வைத்தாள்.

அதிகாரி ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தார். சொல்லிவிட்டு வரவில்லை. கதவைத் திறந்த தம்பி பெண்டாட்டி, இரண்டு தம்ளர் டீயைக் குடிக்கவைத்து அவரைக் கீழேயே நிறுத்திவைக்கப் பார்த்தாள். அவர் ஒன்றைக் குடித்துவிட்டு ஏணியில் ஏறினார். இறகக்கா பின்னால் ஏறினாள். மாடியில் தம்பி, கையில் நசுங்கிப்போன தட்டு. கைப்பிடிச் சுவரில் வரிசையாக அத்தனை புறாவும்.

"அடிச்சுட்டுதான் இருக்கேன் சார்" என்றான் தம்பி. "கூண்டைப் பிரிச்சுட்டேன். எல்லாத்தையும் குடுத்துட்டேன். இதுங்களுக்குத்தான் புரியல."

அதிகாரி புறாக்களைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அவர் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது. உள்ளே அட்டை வடிவத்தில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. "நான் சொல்லியிருந்தேன்" என்றார்.

விமானம்கூட வரவில்லை, பேச்சை நிறுத்தி வைக்க.

முதலில் கொண்டைக்காரன்தான் கழுத்தை நீட்டினான். அப்புறம் எல்லாக் கழுத்தும் நீண்டன. சுவரோரத்தில் இன்னும் வெட்டாமல் நின்ற மரங்களின் பக்கத்திலிருந்து சாம்பலாக ஒன்று, தரையோடு தரையாக வந்து, வீட்டுச் சுவரை ஒட்டி மேலேறி, மாடியின் விளிம்பில் வெடித்தது. தட்டுக்கு அசையாத அத்தனை புறாவும் ஒரே உதறலில் காற்றில் இருந்தன. ஒளிய இங்கே ஒரு பலகைகூட இல்லை. பார்த்தன, திரும்பின. கூரையும் வலையும் இருக்கிற ஒரே இடத்துக்கு, தாங்கள் தினமும் தூங்குகிற இடத்துக்கு, வாய்க்காலுக்கு மேலே ஒரே கோடாகப் போயின. வந்தது ஒரு புறாவின் முதுகை உரசித் தவறிவிட்டு, சிறகையும் வாலையும் விசிறிபோல் விரித்து, மரத்துக்கே திரும்பிப் போயிற்று. தும்மி முடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும்.

"அது என்ன?" என்றார் அதிகாரி.

"வல்லூறு" என்றாள் இறகக்கா. "அந்தப் பொண்ணோட ஜோடி. ஆண்."

"இத்தனூண்டா? புறாவைவிடச் சின்னதா இருக்கு."

"ஆண் சின்னதுதான். அதுங்கள்ல பொண்ணுதான் பெருசு."

"எங்க வீடு மாதிரி" என்றாள் ஏணியின் மேல்படியில் தலையை நீட்டியிருந்த தம்பி பெண்டாட்டி.

தம்பியின் சட்டைப்பையில் போன் அடித்தது. தகரக்கடைக்காரர். அவர் குரல் போனைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டது. "டேய், என்னடா பண்ணுன? எல்லாம் வந்து உள்ள பூந்து மூச்சு வாங்குது! கொண்டைக்காரன் என் தலையிலயே இறங்கிட்டான்!"

"நான் ஒண்ணும் பண்ணலண்ணே. கதவைச் சாத்துங்க."

அதிகாரி கைப்பிடிச் சுவரைப் பார்த்தார். வெறும் சிமெண்ட். ஒரு புறாகூட இல்லை. தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு அட்டையை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார். "நான் வந்தேன், பாத்தேன். மாடியில புறா இல்ல."

தம்பி தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான்.

காற்றில் ஒன்று மட்டும் இன்னும் இறங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது, கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஓர் இறகு. அதிகாரி எட்டிப் பிடித்தார். உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இது புறாதானே?"

இறகக்கா குனிந்து பார்த்தாள். வெள்ளையில் செங்கல் நிறக் கோடுகள். கரி இல்லை, எண்ணெய் இல்லை, ரத்தம் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பறவை தன் இறகைச் சாகாமல் அவளிடம் அனுப்பியது இதுதான் முதல் தடவை.

"வல்லூறு" என்றாள். "கழுவ வேண்டியதில்ல. வச்சுக்குங்க."